68 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா, அண்ணாச்சி?

கத்திரி வெயில் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களும் சூடாகிவிடும். இந்த முறை வந்தவற்றில் கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்குப் பதில் எழுதினால் மற்றதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. ஹெடரும் ஏர் இன்டேக்கும் மாற்றி, டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, இரண்டு டிகிரி முன்னால் வைத்திருக்கிறேன். வெயில் நேரத்தில் வண்ணார்பேட்டை நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுகிறது. 68 டிகிரியில் திறக்கும் பந்தய தெர்மோஸ்டாட் ஆன்லைனில் கிடைக்கிறது. சூடும் குறையும், பவரும் கூடும் என்கிறார்கள். போடலாமா, அண்ணாச்சி?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. உங்கள் வண்டியில் இருக்கும் கோளாறுக்கும் அந்தச் சாமானுக்கும் சம்பந்தமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் வழியில் இருக்கும் ஒரு கதவு. பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது மெழுகு உருகி விரியும். விரிந்த மெழுகு ஒரு ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பதைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேல் 78 என்று பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும், அதாவது 90 வாக்கில். 82, 88, 92 என்று வைத்திருக்கும் கார்களோடு ஒப்பிட்டால் ஹோண்டாக்காரர்கள் முதலிலேயே தாழ்த்தித்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதற்கும் கீழே பத்து டிகிரி போகப் பார்க்கிறீர்கள்.

இப்போது வண்ணார்பேட்டையில் நிற்கும் உங்கள் வண்டியை நினைத்துப் பாருங்கள். முள் பாதியைத் தாண்டுகிறது என்றால் தண்ணீர் 95-ஐத் தாண்டியிருக்கும். அப்போது 78 டிகிரி தெர்மோஸ்டாட் எப்போதோ முழுதாகத் திறந்து கிடக்கிறது. 68 டிகிரி தெர்மோஸ்டாட் இருந்தாலும் அதே மாதிரி திறந்துதான் கிடக்கும். இரண்டு கதவுமே விரியத் திறந்த பிறகு எந்தக் கதவு முன்னால் திறந்தது என்பதில் என்ன இருக்கிறது? எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு மேலே போகலாம் என்பதை முடிவு செய்வது ரேடியேட்டரும், அதன் வழியாகப் போகும் காற்றும், தண்ணீர் பம்பும்.

ரேடியேட்டர் கணக்கை நம் ஊர் வெயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது தண்ணீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மே மாதம் பாளையங்கோட்டையில் காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 90-ல் இருந்தால் வித்தியாசம் 50. தண்ணீரை 70-ல் நிறுத்த நினைத்தால் வித்தியாசம் வெறும் 30. அதே ரேடியேட்டர், அதே பேன், அதே காற்று. ஆனால் அது தள்ளக்கூடிய சூடு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. எஞ்சின் உண்டாக்கும் சூடோ குறையவில்லை. அப்புறம் தண்ணீர் 70-ல் எப்படி நிற்கும்? ஏறத்தான் செய்யும். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் கணக்குச் சமமாகும் இடத்தில் போய் நிற்கும், அது எண்பதோ தொண்ணூறோ. ஜப்பானில் பத்து டிகிரிக் குளிரில் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு 68-க்கும் வெளிக்காற்றுக்கும் 58 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அவனுக்கு அந்தச் சாமான் வேலை செய்யும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் உங்களுக்கும் வேலை செய்யும். ஆனால் உங்களுக்குத் தொந்தரவு வருவது சித்திரையில்.

பேன் விஷயமும் இருக்கிறது. உங்கள் வண்டியின் பேன் ஸ்விட்ச் 90-ஐத் தாண்டித்தான் பேனை ஓட விடும். வண்டி நிற்கும்போது காற்று கொடுப்பது பேன் ஒன்றுதான். 68 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டு பேன் ஸ்விட்சை அப்படியே விட்டால், நெரிசலில் தண்ணீர் எப்படியும் 90-க்கு ஏறும், பிறகுதான் பேன் சுற்றும். நான்கு வழிச் சாலையில் மட்டும் குறைந்த சூடு, ஊருக்குள் பழைய சூடு. காசு போனதுதான் மிச்சம்.

சரி, பவர் கூடுமா? கூடும் என்று சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. சிலிண்டர் ஹெட் சூடு குறைந்தால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும் எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் டைமிங்கை முன்னால் கொண்டுவரலாம். அதில்தான் பவர் இருக்கிறது. தெர்மோஸ்டாட் தனியாகப் பவர் எதுவும் தராது. டைமிங்கைத் தொடாமல் அதை மட்டும் மாற்றினால் எஞ்சின் கொஞ்சம் மந்தமாகக்கூட ஆகும், ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு கூடுகிறது. தண்ணீர் இன்னும் முழுச் சூட்டுக்கு வரவில்லை என்று எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ நினைத்துக்கொண்டால் பெட்ரோலையும் கூடக் கொடுக்கும். அமெரிக்காவில் வி8 வண்டிக்காரர்கள் 160, 180, 195 பாரன்ஹீட் என்று மூன்று வகை வாங்குவார்கள். நம் கணக்கில் 71, 82, 91 டிகிரி. அந்த 160-ஐப் போடுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் கூடவே பேன் ஓடும் சூட்டையும் டைமிங்கையும் ஈசியூவில் மாற்றிவிடுவார்கள். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பாலும் அது சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேரும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். காலையில் மார்க்கெட் வரை ஓட்டிவிட்டு வீட்டில் நிறுத்துகிறவர்களின் வண்டியில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 68 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் உங்கள் ஆயில் நிறைய நேரம் அந்த நிலையில்தான் இருக்கும்.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் எட்டிப் பாருங்கள். இருபது வருட வண்டி என்றால் அந்த இடுக்கில் செம்மண்ணும் பூச்சியும் வேப்பஞ்சருகும் சேர்ந்து கம்பளி மாதிரி இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் பார்த்து மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்பு வேண்டாம், துடுப்புகள் மடங்கிவிடும். இரண்டு பேனும் சுற்றுகின்றனவா, சரியான பக்கம் காற்றை இழுக்கின்றனவா என்று பாருங்கள். மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து, பேன் தலைகீழாகச் சுற்றிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். கடைசியில் டைமிங்கைக் கம்பெனி குறித்த இடத்துக்கே திருப்பி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலைப் பிடித்து ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்க விடுங்கள். அடியில் தட்டக் கூடாது. கூடவே ஒரு தெர்மாமீட்டர். மெதுவாகச் சூடாக்குங்கள். வால்வு திறந்ததும் நூலை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் திறக்கும் சூடு. கொதிக்க விட்டுப் பார்த்தால் வால்வு எட்டு மில்லிமீட்டர் அளவாவது தூக்கியிருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தச் சிறிய ஆடும் பின் மேலே பார்க்கும்படி வையுங்கள், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும்.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வண்டியை இறக்கப்போகிறீர்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் முதலில் ஆயில் கூலரைப் பற்றித்தான் பேசுவேன். டிராக்கில் ஆயில்தான் முதலில் எல்லை தாண்டும். தெர்மோஸ்டாட் அதற்குப் பிறகு.

கேள்வி: போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். பவருக்காக ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதி ரீமேப் செய்திருக்கிறேன். புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது முதல் இரண்டு வளைவில் இருக்கும் இழுவை மேலே போகப் போக இல்லை. குறைந்த சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் சரியாகுமா? முள் மட்டும் எப்போதும் 90-லேயே நிற்கிறது.
— வாசகர், தென்காசி

பதில்: முள்ளை நம்பாதீர்கள். இந்த மாதிரி வண்டிகளில் தண்ணீர் எண்பது சொச்சத்திலிருந்து நூறு வரை எங்கே இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். ஓட்டுகிறவர் பதறக் கூடாது என்று கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி பிளக்கில் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகி உண்மையான எண்ணைப் பாருங்கள்.

உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் ஒன்று இல்லை, இரண்டு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஒன்று, சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கு ஒன்று. ஹெட்டுக்கானது முன்னாடியே திறக்கும், பிளாக்குக்கானது நல்ல சூடு ஏறிய பிறகுதான் திறக்கும். இதை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். நாக்கிங் வருவது ஹெட் பக்கம், ஆகவே அதைக் குளிர்ச்சியாக வைத்தார்கள். பிஸ்டன் உராய்வது பிளாக்கில், அங்கே ஆயில் இளகி இருக்க வேண்டும், ஆகவே அதைச் சூடாக விட்டார்கள். முதல் கேள்விக்காரர் ஒரே தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் திண்டாடுகிறார். உங்களுக்கு அந்தத் திண்டாட்டத்தைக் கம்பெனியே தீர்த்துக் கொடுத்துவிட்டது. நீங்கள் எதற்காக அதைக் கலைக்க வேண்டும்? அந்த இரண்டும் தண்ணீர் பம்போடு சேர்ந்த ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கின்றன. சும்மா கழற்றி மாட்டுகிற இடமும் அல்ல.

மலை ஏறும்போது இழுவை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு. டர்போ அமுக்கிய காற்று சூடாகும். அதை ஆற்றும் இன்டர்கூலர் உங்கள் வண்டியில் இன்டேக் மேனிபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரால் ஆறுகிறது. அந்தத் தண்ணீருக்குத் தனி ரேடியேட்டர், தனி மின்சாரப் பம்பு. எஞ்சின் தெர்மோஸ்டாட் அந்த ஓட்டத்தைத் தொடுவதே இல்லை. அதை 60 டிகிரிக்கு மாற்றினாலும் டர்போ காற்று ஒரு டிகிரி குளிராது.

காற்றுச் சூடு கூடினால் நாக்கிங் வரப் பார்க்கும். சென்சார் அதைக் கேட்டு, ஈசியூ டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். நீங்கள் காலில் உணர்வது அதைத்தான். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்த முறை ஏறும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, இன்டேக் காற்றின் சூட்டையும் டைமிங் எவ்வளவு பின்னால் போகிறது என்பதையும் ஸ்கேனரில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், கேரளா லாரிகள் எதிரே வரும் பாதை அது. காற்றுச் சூடு ஏறிக்கொண்டே போனால் அந்த மின்சாரப் பம்பு ஓடுகிறதா, அந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்றுச் சூடு சரியாக இருந்தும் டைமிங் பின்னால் போனால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். நீங்கள் போடும் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, குறைவாக இருக்கலாம். ரீமேப் எழுதியவர் 95-ஐ நினைத்து எழுதியிருப்பார். 95 ஆக்டேன் ஒரு டேங்க் முழுதாகப் போட்டு அதே பாதையில் அதே நேரத்தில் ஏறிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான்.

யாராவது குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டை உங்களுக்கு மாட்டியே விட்டால் சில நாளில் எஞ்சின் லைட் எரிய வாய்ப்பு உண்டு. பி0128 என்று வரும். தண்ணீர் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அதை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மெக்கானிக், வெயில் ஊரில் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றிப் போட்டுவிடலாம் என்கிறார். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1986-ல் திருநெல்வேலி டவுனில் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த வேலைகளில் இது ஒன்று. அம்பாசிடர் சூடாகிறது என்று வந்தால் ஹெட்டின் மேல் இருக்கும் அந்த மூடியைத் திற, தெர்மோஸ்டாட்டை எடு, கேஸ்கெட்டை வைத்து மூடு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குல? குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது" என்பார் ஆசான். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அன்றைக்கு ரேடியேட்டரில் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். கூலன்ட் என்ற பேச்சே கிடையாது. தெர்மோஸ்டாட் உப்புப் பிடித்து மூடியபடியே இறுகிவிடும், வண்டி நடுவழியில் கொதித்து நிற்கும். புதிது வாங்க வேண்டுமென்றால் மதுரைக்குச் சொல்லி விட வேண்டும். எடுத்து எறிந்தால் அந்த நேரத்துக்கு வண்டி ஓடும்.

அப்படி நான் என் கையால் எடுத்துப் போட்ட வண்டிகளில் ஒன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குக் காலையில் போவார், சாயங்காலம் வருவார். ஆறேழு கிலோமீட்டர். அவர் வண்டி அதன் பிறகு சூடாகவே இல்லை. அதாவது சூடாக வேண்டிய அளவுக்கும் சூடாகவில்லை. கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை இழுத்துக்கொண்டே பாதி தூரம் ஓட்டியிருக்கிறார். கூடுதலாக இறங்கிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நீலப் புகையோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் சிலிண்டரின் உட்சுவர் (போர்) தேய்ந்திருந்தது, ஆயில் கறுப்புக் களிம்பாக இருந்தது. ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டோம். வாத்தியார் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. "வண்டிக்கு வயசாயிட்டு" என்று அவரே சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். வண்டிக்கு அவ்வளவு வயதாகவில்லை. காரணம் எனக்குப் புரிந்ததே சில வருடம் கழித்துத்தான். புரிந்தபோது அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அதனால்தான் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வெயில் ஊருக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். வெளியே 40 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அதற்குத் தேவை 80, 90.

சில வண்டிகளில் கழற்றினால் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மேல் வால்வு திறக்கும்போது அந்த அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அப்போதுதான் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்கே திரும்பி வந்துகொண்டிருக்கும். கழற்றியும் கொதிக்கிறதே என்று ஹெட் கேஸ்கெட்டைப் பிரித்தவர்கள் உண்டு.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். "புதுசு நான் வாங்கித் தாரேன் அண்ணே, மாட்டித் தாங்க" என்று கேளுங்கள். மாட்டித் தருவார்.

கேள்வி: ஸ்கேனரில் பார்த்தால் நான்கு வழிச் சாலையில் 88, நெரிசலில் 101 வரை போகிறது. தண்ணீர் 100-ல் கொதிக்குமே? பயமாக இருக்கிறது. குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போட்டுவிடட்டுமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பயப்பட வேண்டாம், தங்கச்சி. திறந்த பாத்திரத்தில்தான் 100. உங்கள் ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. குக்கர் மாதிரி. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. 101-ல் பேன் ஓடி, மறுபடி 95-க்கு இறங்குகிறது என்றால் எல்லாம் சரியாக நடக்கிறது.

பேன் ஓடியும் இறங்காமல் 110-ஐத் தாண்டினாலோ, சாலையில் வேகமாகப் போகும்போதே ஏறினாலோ வண்டியை ஓரம் கட்டுங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து விட்டால் கொஞ்சம் இறங்கும். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். அழுத்தம் போன அந்த நொடியில் உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து மேலே வரும்.

கேள்வி: காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது வண்டி சூடாவதில்லை, திரும்பி வரும்போது ஆகிறது. தெர்மோஸ்டாட் கோளாறா?
— வாசகர், பணகுடி

பதில்: ஆனி, ஆடியில் எழுதியிருந்தால் உடனே காற்று என்று சொல்லியிருப்பேன். கணவாய் வழியாக வரும் மேல்காற்று போகும்போது மூக்கில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். முதுகில் தள்ளும் காற்று ரேடியேட்டருக்குப் போகும் காற்றைக் குறைத்துவிடும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. ஆனால் நல்ல ரேடியேட்டர் இருந்தால் இந்த வித்தியாசம் முள்ளில் தெரியக் கூடாது. தெரிகிறது என்றால் உங்கள் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பாருங்கள்.

கேள்வி: வண்டிக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டிவிட்டு எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றலாமா?
— வாசகர், திசையன்விளை

பதில்: உங்கள் பக்கத்து போர் தண்ணீரை நான் குடித்திருக்கிறேன். வேண்டாம். அந்த உப்பு ரேடியேட்டர் குழாயில் சுண்ணாம்பாகப் படியும், மெழுகுக் குப்பியைச் சுற்றியும் படியும். படிந்த பிறகு தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு சரியாகத் தெரியாது. 82-ல் திறக்க வேண்டியது 90-ல் திறக்கும், பிறகு ஒருநாள் திறக்கவே திறக்காது. புதிது வாங்கிய காசு வீண்.

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேன் ஐந்து லிட்டர் வாங்குங்கள். கூலன்ட் டப்பாவின் மேல் அப்படியே ஊற்றலாமா, கலந்து ஊற்ற வேண்டுமா என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். கலக்க வேண்டியது என்றால் பாதிக்குப் பாதி. பழைய தண்ணீரை அடிக்குழாய் வழியாக முழுதாக இறக்கி, பேட்டரித் தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு ஊற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் ஆறியிருக்கும், திடீரென்று சுடும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. அளவு இறங்கினால் நிரப்பி, அதன் பிறகு மூடியைப் போடுங்கள்.